பனிக் குதிரைச் சவாரி

மயிலாடியில் மார்கழிக் குளிர் என்றால் எவ்வளவு இருக்கும்? விடியற்காலையில் வாசலில் கோலம் போட வரும் பெண்மணி முந்தானையைச் சற்று இழுத்துத் தோளைப் போர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும். சில நாட்களில் கிண்ணத்திலுள்ள தேங்காய் எண்ணெய் வெள்ளையாகக் கெட்டிப்படும். அடுப்பண்டையில் ஒரு நிமிஷம் வைத்தால் அதுவும் உருகிவிடும். பொழுது நன்றாக விடிவதற்குள் வெயில் ஏறி, கல் பட்டறைகளில் உளிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். நாஞ்சில் நாட்டில் நாம் கண்ணால் காணும் 'உறைபனி' அந்த எண்ணெய்க் கிண்ணத்தோடு சரி!

ஆனாலும் இமயமலைக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. பக்கத்திலேயே நிற்கிறதல்லவா மருந்துவாழ் மலை? இலட்சுமணனுக்காக ஆஞ்சநேயர் சஞ்சீவி மலையைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு பறந்தபோது அதிலிருந்து உதிர்ந்த துண்டு அது என்பது இந்தப் பக்கத்தில் பாட்டிமார் சொல்லும் கதை. அவர் போனது ஓர் உயிரைக் காப்பாற்ற. இன்றைக்கும் ஜனங்கள் அந்தப் பனிமலைகளைத் தேடி ஓடுகிறார்கள். பெரும்பாலோர் போவது விளையாட! அதுவும் எப்படி? உறுமுகிற ஒரு யந்திரக் குதிரையின்மேல் ஏறி உட்கார்ந்து, கண்ணை மறைக்கும் பனித்தூளைக் கிளப்பிக்கொண்டு, மேடென்றும் பள்ளமென்றும் பாராமல் பறக்கிறார்கள்.

அந்த யந்திரத்துக்கு மேல்நாட்டார் வைத்த பெயர் ஸ்னோமொபைல். காஷ்மீரத்திலும் மணாலியிலும் அதை 'ஸ்னோ ஸ்கூட்டர்' என்கிறார்கள். நாம் பனி ஸ்கூட்டர் என்றே வைத்துக்கொள்வோம். இந்த வண்டியின் கதையும் ஓர் உயிரைக் காப்பாற்றும் ஆசையில்தான் தொடங்கியது என்றால் ஆச்சரியமாக இல்லையா?

சக்கரம் இல்லாத ஸ்கூட்டர்

முதலில் வண்டியைப் பார்த்துவிடுவோம். உட்காரும் ஆசனமும் கைப்பிடியும் நம் ஊர் மோட்டார் சைக்கிளைப் போலத்தான். கீழே குனிந்து பார்த்தால் ஒரு சக்கரம்கூடத் தரையில் படாது! முன்புறம் இரண்டு சறுக்குப் பலகைகள். கைப்பிடியைத் திருப்பினால் அவை திரும்பும். பின்புறம் அகலமான ஒரு ரப்பர்ப் பட்டை. ராணுவ டாங்கியின் அடியில் இரும்புச் சங்கிலி ஓயாமல் சுற்றுமே, அதே மாதிரி இந்தப் பட்டை சுற்றிக்கொண்டே பனியைப் பின்னால் தள்ளும். வண்டி முன்னால் பாயும்.

இவ்வளவு பளுவான வண்டி பனியில் புதையாதா என்று கேட்கலாம். சாதாரணமாக 200 கிலோவுக்கு மேல் எடை. அதன்மேல் இரண்டு பேர் வேறு. விடை நம் வயற்காட்டில் இருக்கிறது. உழுது தண்ணீர் கட்டிய சேற்றில் இறங்கி நடந்தால் முழங்கால் வரை புதைகிறது. அதே சேற்றில் பரம்புப் பலகைமேல் ஏறி நின்று மாட்டை ஓட்டுகிறவர் புதைவதில்லை. பளு ஒரே இடத்தில் குத்தாமல் பரந்த பலகையில் பங்கிட்டுப் போய்விடுகிறது. பனி ஸ்கூட்டரும் அப்படித்தான். ஒரு மனிதர் பூட்ஸ் காலால் மிதிக்கும் அழுத்தத்தைவிட இந்த வண்டி பனியை அழுத்தும் அழுத்தம் குறைவு!

ஓட்டுவதும் சுலபம். கியர் மாற்றும் தொல்லை பெரும்பாலும் கிடையாது. வலது கைக் கட்டைவிரலால் ஒரு சிறு நெம்பை அழுத்தினால் வேகம். இடது கையால் பிரேக். கை விறைத்துப் போகாமலிருக்கக் கைப்பிடிக்குள்ளேயே மின்சாரச் சூடு வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் உடையோடு ஒரு சிறு கயிற்றை மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் தூக்கி எறியப்பட்டால் கயிறு கழன்று இஞ்சின் நின்றுவிடும். இல்லையேல் குதிரை மட்டும் தனியாக ஓடிப் போகும்!

சுலபம் என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. பெரிய இஞ்சின் பூட்டிய வண்டிகள் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேலும் போகக் கூடியவை. கட்டைவிரல் அசைந்தால் போதும். புத்தி அதற்குள் யோசித்து முடித்திருக்காது.

அப்பா பிரிக்கச் சொன்ன வண்டி

கனடாவில் க்யூபெக் மாகாணத்தில் வால்கூர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1907ல் பிறந்தவர் ஜோஸப் அர்மான் பம்பார்டியர். சிறு வயதிலேயே யந்திரப் பைத்தியம். கடிகாரத்தைக் கண்டால் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். "இந்தப் பிள்ளை வீட்டில் ஒரு சாமானை முழுசாக விட்டு வைக்குமா?" என்று தகப்பனார் நினைத்தாரோ என்னவோ, பழைய ஃபோர்டு மோட்டார் இஞ்சின் ஒன்றை வாங்கிப் பையனிடமே கொடுத்துவிட்டார்.

1922 டிசம்பர் 31. பையனுக்குப் பதினைந்து வயது. ஒரு சறுக்கு வண்டியில் இஞ்சினைப் பூட்டி, அதன் பின்னால் ஆகாய விமானத்துக்கு இருப்பதுபோல ஒரு மரச் சுழலியை மாட்டி, தம்பியையும் சேர்த்துக்கொண்டு ஊர்த் தெருவில் கிளம்பிவிட்டார். பனிமேல் சத்தம் போட்டுக்கொண்டு வண்டி பறந்தது! பார்த்தவர்கள் பதறி ஒதுங்கினார்கள். திறந்த சுழலி யார் தலையையாவது சீவிவிடும் என்று பயந்த தகப்பனார், "உடனே இதைப் பிரித்துப் போடு!" என்று உத்தரவிட்டார். பையன் பிரித்துப் போட்டான். எண்ணத்தை மட்டும் பிரித்துப் போடவில்லை.

வளர்ந்து சொந்தமாக மோட்டார்ப் பட்டறை வைத்தார். கலியாணமும் நடந்தது, குழந்தைகளும் பிறந்தார்கள். அந்தக் காலத்தில் க்யூபெக் கிராமப்புறங்களில் குளிர்காலத்தில் ரோடுகளில் பனியை வாரும் வழக்கம் இல்லை. பனி விழுந்துவிட்டால் மோட்டார்களைக் கட்டைமேல் ஏற்றி வைத்துவிட்டு, வசந்தம் வரை குதிரை வண்டியையே நம்பியிருக்க வேண்டும்.

1934ம் வருஷக் குளிர்காலம். பம்பார்டியரின் இரண்டு வயதுக் குழந்தை ஈவோனுக்கு வயிற்று வலி கண்டது. குடல்வால் அழற்சி, உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும். ஆஸ்பத்திரியோ தூரத்து நகரத்தில். ரோடு முழுவதும் பனி. பட்டறையில் பனி வண்டி ஒன்று இருந்தது. ஆனால் அது இன்னும் முடிக்கப்படாமல் கிடந்தது. ஊரிலுள்ள யந்திரங்களையெல்லாம் ஓட வைக்கத் தெரிந்த மனிதருக்குத் தம் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஒரு யந்திரம் இல்லை. குழந்தை இறந்து போயிற்று.

பெற்ற மனத்துக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பம்பார்டியர் மீண்டும் பட்டறைக்குள் புகுந்தார். ரப்பரால் மூடிய பற்சக்கரமும், அதைச் சுற்றி ஓடும் பட்டையும் சேர்ந்த ஓர் அமைப்பைக் கண்டுபிடித்தார். 1937ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் உட்காரக்கூடிய மூடிய பனி வண்டிகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். அவற்றை வாங்கியவர்களில் டாக்டர்கள் இருந்தார்கள், தபால் எடுத்துப் போகிறவர்கள் இருந்தார்கள், பாதிரியார்கள் இருந்தார்கள். பிரசவ வலி எடுத்த பெண்ணின் வீட்டுக்கு வைத்தியர் பனியைத் தாண்டிப் போக முடிந்தது. தம் வீட்டில் நேர்ந்தது இன்னொரு வீட்டில் நேராமலிருக்க ஒரு தகப்பன் செய்த காரியம் அது.

நாய் போய், விளையாட்டு வந்தது

இதற்கு முன்னாலும் முயன்றவர்கள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் கார்ல் எலியாஸன் என்று ஒரு கடைக்காரர். காலில் ஊனம். நண்பர்கள் வேட்டைக்குக் கிளம்பினால் பனியில் அவர்களோடு சேர்ந்து நடக்க முடிவதில்லை. பார்த்தார், படகு மோட்டார் ஒன்றையும் சைக்கிள் சாமான்களையும் ஒரு நீண்ட சறுக்குப் பலகையில் பூட்டி, 1924ல் ஒரு வண்டி செய்துவிட்டார். அதற்குப் பிறகு நண்பர்கள்தான் அவர் பின்னால் மூச்சு வாங்க நடந்திருப்பார்கள்!

பம்பார்டியர் பெரிய வண்டிகளோடு நிற்கவில்லை. ஒருவரோ இருவரோ ஏறிப் போகக்கூடிய சின்ன வண்டி வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இலேசான இஞ்சின் கிடைத்த பிறகு, 1959ல் அது நிறைவேறியது. வடக்கே ஆதிகுடிகளிடையே நாய்கள் இழுக்கும் வண்டியில் அலைந்துகொண்டிருந்த ஒரு பாதிரியாருக்கு ஆரம்ப வண்டி ஒன்றைக் கொடுத்துப் பரீட்சை பார்த்தார்கள். நாய்க்குப் பதில் வந்த வண்டியாதலால் 'ஸ்கீ டாக்' என்று பெயர் வைத்தாராம். அச்சுப் பிழையில் அது 'ஸ்கீ டூ' ஆகிவிட்டதாம். பெயர் நன்றாயிருக்கிறதென்று அப்படியே விட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள்.

முதல் பருவத்தில் விற்றவை இருநூற்றுச் சொச்சந்தான். 1964ல் பம்பார்டியர் காலமானார். அவர் கண் மூடிய பிறகுதான் பைத்தியம் ஊரைப் பிடித்தது! 1971 வாக்கில் வட அமெரிக்காவில் ஒரே வருஷத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பனி ஸ்கூட்டர்கள் விற்றன. டாக்டரையும் தபாலையும் சுமக்கப் பிறந்த வண்டி, ஞாயிற்றுக்கிழமை உல்லாச வாகனமாகிவிட்டது. இன்று க்யூபெக் மாகாணத்தில் மட்டும் இந்த வண்டிகளுக்கென்றே 30,000 கிலோமீட்டருக்கு மேல் பாதைகள் இருக்கின்றன.

சாகஸக்காரர்களுக்கும் குறைவில்லை. ரால்ஃப் ப்ளைஸ்டெட் என்று மின்னஸோட்டாவில் ஓர் இன்ஷூரன்ஸ்காரர். ஊராருக்கெல்லாம் ஆயுள் இன்ஷூரன்ஸ் விற்கிற மனிதர், தம் ஆயுளைப் பணயம் வைத்து வடதுருவத்துக்கே பனி ஸ்கூட்டரில் போகிறேன் என்று புறப்பட்டார்! 1967ல் புயலும் பிளந்த பனியும் திருப்பி அனுப்பிவிட்டன. மறு வருஷம் மறுபடி கிளம்பி, 1968 ஏப்ரலில் வடதுருவத்தில் போய் நின்றார். அவர் நிற்கும் இடம் துருவந்தான் என்பதை அமெரிக்க விமானப்படை விமானம் மேலே பறந்து உறுதி செய்தது. அதற்கு முன் துருவத்தைத் தொட்டதாகச் சொன்னவர்களைப் பற்றி இன்றும் தர்க்கம் நடக்கிறது. இந்த இன்ஷூரன்ஸ்காரரைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை.

ஆனால் புதிய மருமகள் வந்தால் வீட்டில் பழைய ஏற்பாடுகள் மாறத்தானே செய்யும்? ஐரோப்பாவின் வட கோடியில் கலைமான் மேய்த்து வாழும் சாமி இனத்தார் 1960களில் இந்த வண்டிக்கு மாறினார்கள். நாள் கணக்கில் நடந்த தூரத்தை மணிக் கணக்கில் கடந்தார்கள். ஆனால் வண்டிக்கு விலை உண்டு, பெட்ரோலுக்கு விலை உண்டு, ரிப்பேருக்கு விலை உண்டு. பணம் வேண்டுமென்றால் மானை விற்க வேண்டும். இருந்தவன் வண்டி வாங்கினான். இல்லாதவன் மந்தையையே விட்டான். அலாஸ்காவிலோ வண்டி வந்ததும் கிராமங்களில் இழுவை நாய்கள் மறைய ஆரம்பித்தன. அந்த நாய்களின் வம்சம் அற்றுவிடக் கூடாதென்று கவலைப்பட்டவர்கள்தான் 1973ல் இடிடரோட் என்ற பெரிய நாய் வண்டிப் பந்தயத்தைத் தொடங்கி வைத்தார்கள். அதே அலாஸ்காவில் 1984 முதல் பனி ஸ்கூட்டர்களுக்கும் 'இரும்பு நாய்' என்று ஒரு பந்தயம் நடக்கிறது. 2,000 மைலுக்கு மேல் ஓட வேண்டும்!

குல்மார்க்கில் ஒரு குளிர்காலம்

அலாஸ்கா வரை போவானேன்? நம் தேசத்திலேயே பனி ஸ்கூட்டர் ஓடுகிறது. மணாலிக்குப் பக்கத்திலுள்ள ஸோலாங் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. காஷ்மீரத்தில் குல்மார்க்கில் ஓடுகிறது. கன்னியாகுமரிக்கும் குல்மார்க்குக்கும் நடுவில் இந்தியா முழுவதும் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

காஷ்மீரத்துக் குளிர்காலத்துக்கு ஒரு கணக்குண்டு. டிசம்பர் 21ல் 'சில்லை கலான்' பிறக்கிறது. நாற்பது நாள் கொடும் குளிர். அதற்குப் பிறகு இருபது நாள் சின்னக் குளிர். அதற்கும் பிறகு பத்து நாள் குட்டிக் குளிர். நம் அக்கினி நட்சத்திரத்தைப் போல அவர்களுக்கு இது. குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கும். 'ஃபெரன்' என்ற நீண்ட அங்கிக்குள், பிரம்புக் கூடையில் வைத்த மண் சட்டியில் கரி நெருப்பை வைத்துக்கொண்டே நடமாடுவார்கள். அதற்குக் 'காங்ரி' என்று பெயர். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அவர்கள் நிஜமாகவே செய்கிறார்கள்!

சமையலறையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. கத்தரிக்காய், தக்காளி, சுரைக்காய் இவற்றையெல்லாம் கோடையிலேயே அரிந்து வெயிலில் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமிக்கிறார்கள். நம் வீட்டுச் சுண்டை வற்றலுக்கும் கத்தரி வற்றலுக்கும் காஷ்மீரத்தில் ஒன்றுவிட்ட சகோதரிகள் இருக்கிறார்கள் என்பதைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாயிருக்கிறது! இங்கே மழைக்காலத்துக்குச் செய்வதை அங்கே பனிக்காலத்துக்குச் செய்கிறார்கள். குடிப்பது இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் போட்ட தேநீர். முதல் வாய்க்கு முகத்தைச் சுளிக்கும் தென்னாட்டார், மூன்றாவது வாய்க்குக் கிண்ணத்தை நீட்டிவிடுவார்களாம்.

குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள ஒரு பெரிய புல்வெளி. வெள்ளைக்காரர்கள் 1927ல் அங்கே பனிச்சறுக்குச் சங்கம் வைத்தார்கள். 1998ல் தொங்கு வண்டி வந்தது. 2005ல் அது அபர்வாட் மலையின் முகட்டருகே வரை நீண்டது. தேர்ந்தவர்கள் அங்கேயிருந்து பலகையில் சறுக்கி வருகிறார்கள். பக்கத்துத் தங்மார்க்கில் பிறந்த ஆரிஃப் கான் 2022ல் பீஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் ஒரே வீரராகப் போய் வந்தார். சறுக்கத் தெரியாத நம்மைப் போன்றவர்களுக்குத்தான் பனி ஸ்கூட்டர். பெரும்பாலும் உள்ளூர்க்காரர் ஓட்டுவார். வந்தவர்கள் பின்னால் பிடித்துக்கொள்வார்கள். வாடகைக்கு எடுத்த ரப்பர் பூட்ஸும், இரண்டு பேர் நுழையக்கூடிய கம்பளிக் கோட்டுமாகப் பெண்கள் தயங்கித் தயங்கி ஏறுவதும், இரண்டு நிமிஷம் கழித்து "இன்னும் வேகமாக!" என்று கத்துவதும் அங்கே நாள்தோறும் நடக்கும் வேடிக்கை.

வேடிக்கைக்குப் பின்னால் வயிற்றுப்பாடு இருக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டுகிறவர், மரச் சறுக்கு வண்டியை இழுக்கிறவர், பூட்ஸ் வாடகைக்குத் தருகிறவர், தேநீர்க் கடைக்காரர் எல்லோருக்கும் சம்பாத்தியம் இந்தச் சில மாதங்களில்தான். 2024 ஜனவரியில் என்ன நடந்தது? நாட்கள் போகின்றன, பனி விழவில்லை. வெள்ளைக் கம்பளம் விரிந்திருக்க வேண்டிய புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. வந்தவர்கள் முகம் வாடித் திரும்பினார்கள். மாதக் கடைசியில்தான் பனி எட்டிப் பார்த்தது. 2025 பிப்ரவரியிலும் பனி போதாமல், அங்கே நடக்கவிருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுக்களை மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள்.

பனி குறைவது விளையாட்டுக்காரரின் கவலை மட்டுமல்ல. நமக்குப் பேச்சிப்பாறை அணை எப்படியோ, அவர்களுக்கு மலைமேல் கிடக்கும் பனி அப்படி. குளிரில் சேர்ந்தது கோடையில் உருகி ஜீலம் நதிக்கு வரும், நெல்லுக்குப் பாயும், ஆப்பிள் தோட்டத்துக்குப் பாயும். பூமி சூடேறி வரும் காலத்தில், பெட்ரோல் புகையைக் கக்கிக்கொண்டு பனிமேல் விளையாடுவது சரியா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வனத்தில், புகையும் இரைச்சலும் குறைந்த வண்டிகளை மட்டும், அதுவும் எண்ணிக்கை வைத்துத்தான் அனுமதிக்கிறார்கள். மின்சாரத்தில் ஓடும் பனி ஸ்கூட்டர்களும் வந்திருக்கின்றன.

கல்லும் பேசும், பனியும் பேசும்

இனி, ஆபத்துக்கு வருவோம்.

வேகத்தில் ஒரு ருசி இருக்கிறது. இதயம் படபடக்கிறது, உடம்பில் அட்ரினலின் என்ற சுரப்பு ஊறுகிறது, புலன்களெல்லாம் கூர்மையாகின்றன. ராட்டினத்தில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு கூவும் குழந்தைக்கும், பனிச்சரிவில் வண்டியை ஏற்றும் வாலிபனுக்கும் ருசி ஒன்றுதான். ராட்டினத்துக்கு அச்சாணி உண்டு, மலைக்கு இல்லை.

முதல் எமன், உறைந்த ஏரி. மேலே பார்த்தால் சிமெண்டுத் தளம் மாதிரி இருக்கும். அடியில் ஓட்டமுள்ள தண்ணீர் இருந்தால் பனிக்கட்டி ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் அப்பளமாகவும் இருக்கும். வண்டி போகக் குறைந்தது இத்தனை கனம் வேண்டுமென்று அந்தந்த நாட்டு அதிகாரிகள் அளவு வைத்திருக்கிறார்கள். 12 சென்டிமீட்டர் என்பாரும் உண்டு. 25 வேண்டும் என்பாரும் உண்டு. மதுவும் இருட்டும் வேகமும் சேர்ந்தால் எந்த அளவும் போதாது.

இரண்டாவது எமன், பனிச்சரிவு. மலைச்சரிவில் பனி ஒரே கட்டியாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை விழுந்ததும் ஒவ்வோர் அடுக்கு. ஓர் அடுக்கு உறுதி. அதற்கடியில் இன்னோர் அடுக்கு சர்க்கரையாக உதிரும். மேலே வண்டி ஏறியதும் பலகை வழுக்குவதுபோல் மலையே வழுக்கிக்கொண்டு வருகிறது. யார் அதிக உயரம் ஏறுவது என்று செங்குத்தான சரிவில் போட்டி போடுவது ஸ்கூட்டர்க்காரர்களிடையே ஒரு விளையாட்டு. அதில் போன உயிர்கள் அநேகம். பனிச்சரிவில் சிக்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், தாங்களோ தங்கள் கூட்டத்தாரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

மயிலாடிச் சிற்பிகளுக்கு இது விளங்கும். உளி வைக்குமுன் கல்லைத் தட்டி அதன் ஓசையைக் கேட்பது நம் சிற்பிகளின் மரபு. வெண்கல மணிபோல் ஒலித்தால் ஒரு ஜாதி. மந்தமாக ஒலித்தால் வேறு. உள்ளே பிளவிருந்தால் வெளியே எவ்வளவு அழகாயிருந்தாலும் ஒலி காட்டிக் கொடுத்துவிடும். பனியும் அப்படியே பேசும். காலடியில் 'வும்' என்று அடங்கிய சத்தம் எழுந்தால், உள்ளடுக்கு இடிந்தது என்று அர்த்தம். மலையை அறிந்தவன் உடனே திரும்பிவிடுவான். அறியாதவனுக்குத் தன் இஞ்சின் போடும் இரைச்சலில் அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை.

குல்மார்க்கிலேயே 2023 பிப்ரவரியில் அபர்வாட் சரிவில் இரண்டு போலந்து நாட்டுப் பனிச்சறுக்கு வீரர்கள் மாண்டார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர் மாண்டார். புதைந்தவரை முதல் பத்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அரைமணி கடந்துவிட்டால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே தேர்ந்தவர்கள் மூன்று சாமான் இல்லாமல் மலை ஏறுவதில்லை: புதைந்த இடத்தைக் காட்டும் ரேடியோக் கருவி, குத்திப் பார்க்க நீண்ட கம்பி, தோண்ட ஒரு மண்வாரி. தன்னிடம் இருந்தால் போதாது. கூட வருகிறவரிடமும் இருக்க வேண்டும். தோண்டப் போவது அவர்தானே?

விளையாட்டாக அன்றி, கடமையாகப் பனியில் வாழ்கிறவர்களும் உண்டு. சியாச்சின் பனிமலையில் 1984 முதல் நம் ராணுவம் காவல் நிற்கிறது. அங்கே சாமான் ஏற்றிப் போகவும், நோயாளியை இறக்கி வரவும் பனி ஸ்கூட்டர்கள் உதவுகின்றன. பம்பார்டியர் எதற்காக நினைத்தாரோ, அந்த வேலை! 2016 பிப்ரவரி 3ம் தேதி, 19,000 அடிக்கு மேலிருந்த ஒரு காவல் முகாமின்மேல் பனிச் சுவர் இடிந்து விழுந்தது. மதராஸ் ரெஜிமெண்டின் 19வது பட்டாளத்தைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறாம் நாள் பனியைக் குடைந்தபோது, தார்வாட் ஜில்லாவைச் சேர்ந்த ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடிருந்தார்! தேசமே கைகூப்பி நின்றது. பிப்ரவரி 11ல் டில்லி ஆஸ்பத்திரியில் அவரும் கண் மூடினார். வெயில் ஊரில் பிறந்து பனியில் மடிந்த அந்தப் பிள்ளைகளை நினைத்தால், பனி என்பது படத்தில் பார்க்கும் பஞ்சுமெத்தை அல்ல என்பது மனத்தில் பதியும்.

வீட்டிலிருந்து கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

'இதெல்லாம் நமக்கு எதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். டொராண்டோவிலும் மாண்ட்ரியாலிலும் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரமாயிரம். நாகர்கோவிலிலிருந்து தேன்நிலவுக்குக் குல்மார்க் போகிறவர்களும் உண்டு. இன்றோ நாளையோ, தலையில் கவசமும் முகத்தில் கண்ணாடியுமாக ஒரு பனி ஸ்கூட்டர்மேல் உங்கள் பிள்ளை உட்கார்ந்திருக்கும் படம் டெலிபோனில் வந்து சேரலாம். "ஐயோ, அதெல்லாம் வேண்டாம்!" என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். அதற்குப் பதில் ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று: தலைக்கவசம் போட்டாயா? கழுத்துத் துணி தொங்குகிறதா? பெண்கள் துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் கோட்டுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். சுற்றும் பட்டை எதையும் இழுத்துக்கொள்ளும்.

இரண்டு: கூட யார்? தனியாக ஒருபோதும் போகக் கூடாது. பாதை தெரிந்த உள்ளூர் ஆள் முன்னே போக வேண்டும். அவர் "இன்று வேண்டாம்" என்றால் அது வேதவாக்கு.

மூன்று: பனிச்சரிவு எச்சரிக்கை இன்று என்ன நிலை? மழைக்கால மீனவர் வானிலை கேட்பதுபோல, மலைக்குப் போகிறவர் இதைக் கேட்டே ஆக வேண்டும். புதுப்பனி நிறைய விழுந்த மறுநாள் பார்க்க அழகு. ஆபத்தும் அன்றுதான் அதிகம்.

நான்கு: ஏரிமேல் போகிறாயா? கனம் பார்த்தது யார்? "எல்லோரும் போகிறார்கள்" என்பது பதில் ஆகாது.

ஐந்து: எத்தனை மணிக்குத் திரும்புவாய்? யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறாய்? சொன்ன நேரத்துக்கு ஆள் வரவில்லை என்றால்தான் தேடப் போகிறவர்கள் கிளம்புவார்கள். சொல்லாமல் போனவனை யார் தேடுவது?

இந்த ஐந்துக்கும் நேரான பதில் வந்தால், "போய் வா" என்று சந்தோஷமாகச் சொல்லுங்கள். காற்று முகத்தில் அறைய, வெள்ளை மலைகளுக்கு நடுவே பாய்ந்து போகும் ஆனந்தம் வாழ்வில் ஒரு முறையாவது அனுபவிக்கத் தகுந்ததுதான். பயந்து கதவைச் சாத்திக்கொள்வதற்காக அந்த வால்கூர்த் தகப்பன் பட்டறையில் இரவு பகலாகப் பாடுபடவில்லை. பனியில் அகப்பட்ட குழந்தை நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அந்த வண்டியைச் செய்தார். அதில் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையும் நேரத்தில் வீடு வந்து சேரட்டும்.